தலை குனிந்தவன் குற்றவாளி

2000, மே 26. ஃபிலடெல்ஃபியா. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகில் ஸ்டான்லி கோப்பைக்கான பிளேஆஃப் சுற்று. கிழக்குப் பிரிவின் இறுதித் தொடரில் ஏழாவது ஆட்டம். தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். முதல் பகுதியில், ஃபிலடெல்ஃபியா அணியின் ஆறடி நான்கங்குல எரிக் லிண்ட்ரோஸ், பக் என்னும் ரப்பர் வட்டைத் தள்ளிக்கொண்டு நீலக்கோட்டைத் தாண்டுகிறார். பார்வை பக்கின் மேல். எதிரே நியூ ஜெர்ஸி டெவில்ஸ் கேப்டன் ஸ்காட் ஸ்டீவன்ஸ். தோள் தாடையில் இறங்கியது. லிண்ட்ரோஸ் பனித்தரையில் சுருண்டு கிடந்தார்.

தண்டனை இல்லை. இரண்டு நிமிடப் பெனால்டிகூட இல்லை. டெவில்ஸ் 2-1 என வென்றது. பிறகு கோப்பையையும் வென்றது. பிளேஆஃபின் தலைசிறந்த வீரர் விருது ஸ்டீவன்ஸுக்கே போனது.

அன்று தொடங்கிய பட்டிமன்றம் கால் நூற்றாண்டாகியும் முடியவில்லை. தலைப்பு: அந்த அடி சுத்தமா, அழுக்கா? ஒவ்வொரு வசந்தத்திலும் இதே தலைப்புதான். விழுந்தவன் பெயர் மட்டும் மாறும்.

பட்டிமன்றத்தில் யார் எந்தக் கட்சி என்பதைச் சட்டையின் நிறம் முடிவு செய்கிறது. நம் ஆள் இடித்தால் சுத்தம். நம் ஆளை இடித்தால் அழுக்கு. இந்தக் கோடையில் அவனை நம் அணி விலைக்கு வாங்கிவிட்டால், போன வருட அழுக்கும் வெளுத்துவிடும். இதைவிட நல்ல சலவைக்காரன் உலகத்தில் கிடையாது.

அப்புறம் ரீப்ளே. தோளா, முழங்கையா? பாதம் ஐஸை விட்டு எழுந்தது இடிக்கும் முன்பா, பின்பா? முதலில் பட்டது மார்பா, தாடையா? பக் அவனிடம் இருந்ததா, கைவிட்டு அரை வினாடி ஆகிவிட்டதா? ஒரு வினாடிகூட நீடிக்காத சம்பவத்துக்குக் கோட்டு சூட்டு போட்ட முன்னாள் வீரர்கள் அரை மணி நேரம் பிரேதப் பரிசோதனை நடத்துகிறார்கள். தோள், முழங்கை, பாதம், பக் எல்லாவற்றையும் பரிசோதித்தாயிற்று. விழுந்தவனின் மூளை ஒன்றுதான் பாக்கி. விளம்பர இடைவேளை முடிந்ததும் அவன் மறுபடி விழுவான். இந்த முறை மெதுவாக.

கடைசியில் தீர்ப்பு வரும். ஹாக்கி உலகத்தின் மனு நீதி ஒன்று உண்டு: தலையை நிமிர்த்தி ஆடு. குனிந்தாயா? உன் தலைக்கு நீயே பொறுப்பு. எனவே குற்றவாளி, இடித்தவன் அல்ல. தலை குனிந்தவன். தெருவில் நடந்தவன் மேல் பஸ் ஏறினால், அவன் ஏன் வானத்தைப் பார்த்து நடந்தான் என்று கேட்பது போன்ற நீதி.

லிண்ட்ரோஸ் கதையைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால் இந்த நீதியின் லட்சணம் தெரியும். அந்த மார்ச் மாதமே அவருக்குத் தலைக்காயம். அணியின் மருத்துவப் பணியாளர்கள் அதைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொன்னார். பதிலுக்கு அணி நிர்வாகம் அவரது கேப்டன் பதவியைப் பறித்தது. மண்டை உடைந்தது குற்றமில்லை. உடைந்தது என்று சொன்னதுதான் குற்றம். அவருடைய தம்பி பிரெட் லிண்ட்ரோஸ் 1996-லேயே, 20 வயதில், தலைக்காயங்களால் ஆட்டத்தை விட்டுப் போனவர். ஒரே வீட்டில் இரண்டு மண்டைகள். இருந்தும் ஆறாவது ஆட்டத்துக்கு அண்ணன் திரும்பி வந்தார். ஏழாவது ஆட்டத்தில் விழுந்தார். அடுத்த சீசன் முழுவதும் அவர் ஆடவில்லை.

மூன்று வருடம் கழித்து, 2003 இறுதித் தொடர். ஆறாவது ஆட்டம், அனாஹைம். அதே ஸ்டீவன்ஸ். இந்த முறை இடிபட்டவர் அனாஹைம் வீரர் பால் கரியா. அசையாமல் கிடந்தவரின் ஹெல்மெட் கண்ணாடியில் மூச்சுக்காற்று பனியாகப் படர்ந்ததைக் கேமரா காட்டியது. உயிர் இருக்கிறது என்று நாடு அப்படித்தான் தெரிந்துகொண்டது. சில நிமிடங்களில் கரியா எழுந்து உள்ளே போனார், திரும்பி வந்தார், கோலும் அடித்தார். அரங்கம் அலறியது. அன்று முதல் அது வீர காவியம். காவியத்தில் டாக்டருக்கு வசனம் கிடையாது. அந்த இடிக்கும் பெனால்டி இல்லை. தலைக்காயங்களால் கரியா 2011-ல் ஓய்வு அறிவித்தபோது அந்த கோலைத்தான் மறுபடி போட்டுக் காட்டினார்கள்.

விதி இல்லையா என்று கேட்பீர்கள். 2010 மார்ச் வரை நிஜமாகவே இல்லை. அந்த மாதம் மாட் குக் பக்கவாட்டிலிருந்து மார்க் சவார்டின் தலையில் இடித்தார். லீக் ஆராய்ந்தது. எந்த விதியும் மீறப்படவில்லை என்று கண்டுபிடித்தது. ஒரு ஆட்டத் தடைகூட இல்லை. அடுத்த ஜனவரியோடு சவார்டின் ஆட்ட வாழ்க்கை முடிந்தது. மண்டையில் அடிப்பது தப்பு என்று எழுதிவைக்க இந்த லீகுக்குத் தொண்ணூறு வருடத்துக்கு மேல் ஆனது.

அப்படிப் பிறந்ததுதான் விதி 48. அதையும் வக்கீல் வீட்டுத் தொட்டிலில் போட்டு வளர்த்தார்கள். இன்றைய வாசகத்தின்படி தலையில் பட்டால் மட்டும் போதாது. தலைதான் 'முதன்மையாகப் பட்ட இடமாக' இருக்க வேண்டும். அது 'தவிர்க்கக்கூடியதாகவும்' இருந்திருக்க வேண்டும். பட்டவன் கடைசி நொடியில் தலையை அசைத்தானா என்றும் பார்க்க வேண்டும். இந்த ஓட்டைகளில் ஒரு லாரியே ரிவர்ஸ் எடுத்துத் திரும்பும்.

2012 ஏப்ரலில் சிகாகோவில் மரியன் ஹோசாவை ராஃபி டாரஸ் துள்ளி எழுந்து இடித்தார். ஹோசா ஸ்ட்ரெச்சரில் போனார். ஐஸில் நான்கு நடுவர்கள். எட்டுக் கண்கள். பெனால்டி பூஜ்யம். பிறகு டி.வி. பார்த்து 25 ஆட்டத் தடை விதித்தார்கள். கோடையில் மேல்முறையீடு வந்ததும் அதை 21 ஆக்கினார்கள். மண்டையிலும் தள்ளுபடி உண்டு.

அதே ஏப்ரல், அதே பிளேஆஃப். நாஷ்வில் கேப்டன் ஷே வெபர், ஹென்றிக் செட்டர்பெர்க்கின் தலையைப் பிடித்துக் கண்ணாடிச் சுவரில் மோதினார். இதில் தோளா முழங்கையா என்ற பட்டிமன்றத்துக்கே இடமில்லை. கை. தலை. சுவர். தண்டனை: 2,500 டாலர் அபராதம். அப்போதைய ஒப்பந்தப்படி அதுதான் அதிகபட்ச அபராதம். ஜூலையில் அதே வெபர் 14 வருடத்துக்கு 11 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 11 கோடியில் 2,500 எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் ஊரில் ஹெல்மெட் போடாமல் பைக் ஓட்டினால் இதைவிட வலிக்கும்.

2021-க்குள் விலைவாசி ஏறியது. டாம் வில்சன் நியூயார்க்கில் கீழே கிடந்த பாவெல் புச்னெவிச்சைக் குத்தினார். அது பிளேஆஃப் அல்ல, மோதலும் அல்ல. ஆனால் பஞ்சாயத்து அதே பஞ்சாயத்துதான். அபராதம் 5,000 டாலர். ஆண்டுக்குச் சராசரி 51 லட்சம் டாலருக்கு மேல் வாங்குகிறவருக்கு. கொதித்துப்போன புச்னெவிச்சின் அணி, நியூயார்க் ரேஞ்சர்ஸ் நிர்வாகம், லீகின் வீரர் பாதுகாப்புத் துறைத் தலைவர் அந்தப் பதவிக்கே தகுதியற்றவர் என்று அறிக்கை விட்டது. லீக் உடனே செயலில் இறங்கியது. அறிக்கைக்கு அபராதம் 2,50,000 டாலர்.

குத்தினால் 5,000. குத்தியதைக் குறை சொன்னால் 2,50,000. ஐம்பது மடங்கு. லீகின் மனசாட்சிக்கு இதைவிடத் துல்லியமான விலைப்பட்டியல் வேண்டுமா?

அந்தத் துறையின் தலைவர் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜ் பாரோஸ். ஆடிய காலத்தில் ஐஸில் சண்டை போடுவதற்கென்றே அணிகள் வைத்திருந்த அடியாட்களில் ஒருவர். 2013-ல் அப்படியொரு சண்டையில் முகம் குப்புற விழுந்து ஸ்ட்ரெச்சரில் போனவர். அனுபவம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பாதுகாப்புத் துறை ஒரு பக்கம். இடிகளைத் தொகுத்து இசை போட்டு வெளியிடும் வீடியோக்கள் மறுபக்கம். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர்கள் தொட்டில் ஆட்டுவதற்கும் டிக்கெட் போடுகிறார்கள்.

இந்தப் பட்டிமன்றம் ஏன் முடிவதில்லை என்பது இங்கேதான் புரிகிறது. முடிந்தால் அடுத்த கேள்வி வரும். அடுத்த கேள்விக்குப் பணம் செலவாகும்.

பாப் புரோபர்ட், 45 வயதில் இறந்தார். டெரெக் பூகார்ட், 28. ஸ்டீவ் மொன்டாடர், 35. இந்த மூன்று ஹாக்கி வீரர்களின் மூளையையும் இறந்தபின் ஆராய்ந்தபோது சி.டி.இ. தெரிந்தது. திரும்பத் திரும்பத் தலையில் அடிபடுவதோடு மருத்துவர்கள் தொடர்புபடுத்தும் மூளைச் சிதைவு நோய். உயிரோடு இருக்கும்போது உறுதிப்படுத்த முடியாத நோய். லீகின் வக்கீல்களுக்கு இதைவிட ஒத்துழைக்கும் நோய் வாய்த்திருக்காது. 2019 மே மாதம் கனடா நாடாளுமன்றக் குழு முன் கமிஷனர் கேரி பெட்மன் ஆஜரானார். ஹாக்கிக்கும் அந்த நோய்க்கும் உறுதியான தொடர்பு இருப்பதாக அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமான கதைகள்தானாம். சிகரெட் கம்பெனிகள் ஓய்வுபெற்றுவிட்டன, வசனம் ஓய்வுபெறவில்லை.

2018 நவம்பரில், தலைக்காயங்களுக்காக வழக்குப் போட்ட 318 முன்னாள் வீரர்களோடு சமரசம் அறிவித்தார்கள். மொத்தம் 1 கோடியே 89 லட்சம் டாலர். ஆளுக்குக் கையில் சுமார் 22,000. தவறு எதையும் லீக் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த மாதமே சியாட்டிலுக்குப் புது அணி வழங்கினார்கள். நுழைவுக் கட்டணம் 65 கோடி டாலர். ஒரு புது அணியின் கட்டணத்தில் 318 மண்டைகளை முப்பத்து நான்கு முறை வாங்கலாம். சில்லறை மிஞ்சும்.

ஸ்டீவன்ஸ் வில்லன் இல்லை. அன்றைய விதிப்படி அவர் செய்தது வேலை. அதற்குத்தான் சம்பளம், அதற்குத்தான் விருது. அவரும் தப்பவில்லை. 2003 பிளேஆஃபில் பறந்து வந்த பக் அவர் தலையில் பட்டது. 2004 ஜனவரியில் தலைக்காய அறிகுறிகள் அவரை உட்கார வைத்தன. அதன்பின் அவர் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. லிண்ட்ரோஸ், கரியா, ஸ்டீவன்ஸ் மூவரும் இன்று டொராண்டோவிலுள்ள ஹாக்கி புகழரங்கில் இருக்கிறார்கள். இடித்தவனும் இடிபட்டவர்களும் ஒரே கூரையின் கீழ். ஒரே காயத்தோடு.

2013-ல் கனடாவின் ஹாக்கி அமைப்பு 11, 12 வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்தில் உடல் மோதலைத் தடை செய்தது. பிள்ளையின் மூளை பத்திரமாக இருக்க வேண்டும் என்று பெரியவர்களுக்குப் புரிந்திருக்கிறது. அந்தப் பிள்ளை வளர்ந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும் அந்தப் புரிதல் எங்கே போகிறது என்றுதான் தெரியவில்லை.

அடுத்த ஏப்ரலில் யாரோ ஒருவன் விழுவான். உங்களையும் பட்டிமன்றத்துக்குக் கூப்பிடுவார்கள். சுத்தமா, அழுக்கா என்று கேட்பார்கள். பதில் சொல்லாதீர்கள். விழுந்தவனின் நாற்பதாவது வயதில் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது என்று திருப்பிக் கேளுங்கள். ஐஸில் தலை குனிந்தவர்கள் அதற்கான தண்டனையை அனுபவித்துவிட்டார்கள். நியாயமாகத் தலை குனிய வேண்டியவர்கள் இன்னும் நிமிர்ந்தே உட்கார்ந்திருக்கிறார்கள்.