இதரச் செலவுக்காரர்

நீலகிரியில் வீடு கட்ட வரும் சமவெளிக்காரர்களில் ஒரு ரகம் உண்டு. பணி ஓய்வுப் பணம் வந்த கையோடு கோத்தகிரிப் பக்கம் சரிவில் எட்டு சென்ட் வாங்கியிருப்பார். மனையின் மேல் கோடியில் நின்றால் பள்ளத்தாக்கு தெரியும். கீழ்க்கோடியில் நின்றால், அவருடைய மண் அடுத்தவர் வீட்டுக் கூரைக்கு நேர் மேலே நிற்பது தெரியும். அவர் கீழ்க்கோடிக்குப் போவதில்லை.

அவரிடம் ஒரு நீள நோட்டு இருக்கும். பிள்ளையார் சுழிக்குக் கீழே தேக்குக் கதவு, மாடுலர் கிச்சன், மார்பிள், கேட்டுத் தூண்களின் மேல் இரண்டு உருண்டை விளக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரி. கடையின் பெயர், தள்ளுபடி, பேரம் பேசிய தேதி எல்லாம் பக்கத்திலேயே. கடைசிப் பக்கத்தில் ‘இதரச் செலவு’ என்று ஒரு தலைப்பு. அதன் கீழ் புதுமனை புகுவிழாவுக்கு வாழைமரம், நாதஸ்வரம், எலெக்ட்ரீஷியனுக்கு வேட்டி துண்டு, தடுப்புச் சுவர். மொத்தம் 50,000 ரூபாய். இதில் வாழைமரத்துக்கு எவ்வளவு, சுவருக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டியிருக்க மாட்டார்.

மேஸ்திரி தலையைச் சொறிவார். “ஏனுங்க சார், பத்தடி மண்ணு நிக்குது. மொதல்ல கீழ செவுத்தக் கட்டீட்டு அப்புறமா வீட்டு வேலையத் தொடங்கலாமுங்க.”

“வீடு முடியட்டும் மேஸ்திரி. மிச்சம் இருக்கிறதைப் பார்த்துச் செய்வோம்.”

வீடு கட்டி மிச்சம் பிடித்த மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் அந்த மிச்சத்தை நம்பியே நம் மலைகளில் பாதிச் சுவர்கள் எழும்பாமல் நிற்கின்றன.

ஒருநாள் இன்ஜினீயர் வந்து எஸ்டிமேட் போடுவார். நீளம் 40 அடி, உயரம் 10 அடி. நம்மவர் அதற்குள் மனக்கணக்கு போட்டிருப்பார்: 400 சதுர அடி, காம்பவுண்டு சுவர் ரேட்டில் பெருக்கினால் முடிந்தது. சுவருக்கு அகலம் என்று ஒன்று இருப்பதே இன்ஜினீயர் படம் போட்டுக் காட்டும்போதுதான் அவருக்குத் தெரியவரும். கருங்கல் கட்டு என்றால், தன் எடையாலேயே மண்ணைத் தாங்கி நிற்க வேண்டிய சுவர் அது. உயரத்தில் பாதிக்கு மேல் அடி அகலம் வேண்டும். கீழே ஆறடி, மேலே இரண்டடி. வானம் தோண்டி மண்ணுக்குள் மூன்றடி இறக்க வேண்டும். எல்லாம் சேர்த்து 2,300 கன அடிக்கு மேல் கட்டுவேலை. கல்லும் எம்-சாண்டும் மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி ஏறி வர வேண்டும். பொக்லைன் இறக்கலாம் என்றால் அதற்குக் கலெக்டர் அனுமதி வேண்டும். ஆக 6 லட்சம்.

ஆறு லட்சம் அவரை அசைக்காது. அசைப்பது ஆறடி. “நாற்பதுக்கு ஆறு, 240 சதுர அடி சார்! அரை சென்ட்டுக்கு மேல சுவரே தின்னுடுதே!” அன்று இரவு அவர் தூங்கமாட்டார். மண் சரியுமே என்று இல்லை, அரை சென்ட் போகிறதே என்று.

மறுநாள் காலை ராஜதந்திரம் தொடங்கும். கீழ்வீட்டுக்காரரைப் போய்ப் பார்ப்பார். “சுவர் நம்ம ரெண்டு பேருக்கும் பாதுகாப்பு. பாதிப் பாதி போட்டுக்கலாமா?” கீழ்வீட்டுக்காரர் மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். “மண்ணு உங்களுது, நீங்களே வெச்சுக்கோங்க” என்று டீ கொடுத்து அனுப்பிவிடுவார். அங்கிருந்து நேரே மேல்வீட்டுக்கு ஏறுவார். அங்கே போய், “உங்க மண்ணு என் இடத்துக்குள்ள வந்துடக் கூடாது பாருங்க. சுவர் கட்ட வேண்டியது நீங்கதான்” என்பார். இரண்டு வாதத்துக்கும் நடுவில் முப்பது படிக்கட்டுதான். மனிதருக்கு மூச்சு வாங்குமே தவிர, வாய் குழறாது.

அடுத்த உபாயம் காத்திருப்பு. சிமென்டுக்கு 28 சதவீத ஜி.எஸ்.டி. இருந்தவரை, அது குறையட்டும் என்று இருந்தார். 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. இப்போது டீசல் விலை குறையட்டும் என்கிறார். இடையில் ஐப்பசி வரும். சரிவின் மேல் நீலத் தார்ப்பாய் விரித்து, ஓரங்களில் மணல் மூட்டை அடுக்கி, கயிற்றைக் கொய்யா மரத்தில் கட்டுவார். மழை முடியும்போது தார்ப்பாய் நார் நாராகக் கிழிந்திருக்கும். வருஷா வருஷம் புதுத் தார்ப்பாய். அந்தச் செலவை நோட்டில் தேடினால் ‘தோட்டப் பராமரிப்பு’ என்ற தலைப்பில் கிடைக்கும்.

2009 நவம்பரில் இதே மாவட்டத்தில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அதைச் சொன்னால் அவரிடம் பதில் தயாராக இருக்கும்: “அது அந்தப் பக்கம் சார். நம்ம பக்கம் அடியில பூரா பாறை.” இந்த மலையில் யாரைக் கேட்டாலும் அது அந்தப் பக்கம்தான்.

கடைசியில் ஒரு கோடையில் சுவர் எழும்பும். ஆறடிக்கு. பத்தடியை ஆறாகக் குறைத்ததில் அவருக்கு ஒரு வெற்றிப் பெருமிதம். உண்மையில் இந்தக் கணக்கில் இயற்பியல் அவருக்குத்தான் சாதகம். மண்ணின் தள்ளுவிசை உயரத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 1776-லேயே இந்த மண் கணக்கை அச்சில் ஏற்றியவர் கூலும் என்ற பிரெஞ்சு ராணுவப் பொறியாளர். பள்ளிக்கூடத்தில் மின்சாரப் பாடத்தில் வருகிறாரே, அவரேதான். உயரம் பாதியானால் தள்ளுவிசை கால்வாசி ஆகிவிடும். அதனால் பத்தடிக்கு ஒரே சுவர் வைக்காமல், நடுவில் போதிய இடம் விட்டு ஐந்தைந்து அடியாக இரண்டு படியாகக் கட்டிக்கொண்டால் கல்லும் மிச்சம், பயமும் மிச்சம். ஆனால் நடுவில் இடம் விட வேண்டுமே! அரை சென்ட்டுக்கே அழுதவர் ஒரு சென்ட் விடுவாரா? மீதி நாலடி மண்ணைச் சரிவாகவே விட்டு, அதன் மேல் புல் நட்டுவிடுவார்.

சண்டை உச்சத்துக்குப் போவது துளை விஷயத்தில். சுவரில் ஐந்தடிக்கு ஒன்றாக பி.வி.சி. குழாய் வைத்து, பின்னால் ஜல்லி கொட்ட வேண்டும் என்பார் மேஸ்திரி.

“காசு கொடுத்துக் கட்டுற சுவத்துல ஓட்டையா?”

“தண்ணி வெளிய போகோணுமுங்க சார். உள்ள நின்னுச்சுன்னா செவுத்தத் தள்ளிப்போடுமுங்க.”

மேஸ்திரி சொல்வது சத்தியம். மழைநீர் வடியாமல் சுவருக்குப் பின்னால் தேங்கினால், காய்ந்த மண் தள்ளுவதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் தள்ளும். நம் ஊர்ச் சுவர்களைக் கவிழ்ப்பதில் மண்ணைவிடத் தண்ணீருக்கே பங்கு அதிகம். நம்மவர் அரை மனதாகக் குழாய்க்கு ஒப்புக்கொண்டு, ஜல்லியில் கை வைப்பார். வீட்டு வேலையில் மிஞ்சிய உடைந்த டைல்ஸ், சிமென்ட் சாக்கு, செங்கல் தூள், களிமண் எல்லாவற்றையும் சுவருக்குப் பின்னால் தள்ளச் சொல்வார். குப்பையும் ஒழிந்தது, ஜல்லிக் காசும் மிச்சம். நோட்டில் அதை வரவில் எழுதுவார்.

அடுத்த மழையில் குழாய்கள் வழியே செம்மண் நீர் வடிந்து, பெயின்ட் அடித்த சுவரில் கோடு கோடாக இறங்கும். அதைவிட அவமானம் உண்டா? வீட்டம்மாவுக்குத் தெரியாமல் சமையலறைக் கரண்டி ஒன்றை எடுத்துப் போய், குழைத்த சிமென்டை ஒவ்வொரு துளையிலும் அப்பி, கட்டை விரலால் வழித்து விடுவார். “பாம்பு வந்துடும் பாருங்க” என்று விளக்கம் வேறு. பிறகு சுவரின் மேல் இரண்டு வரிசை ஹாலோ பிளாக் ஏற்றி, பின்னால் மண் நிரப்பி, அங்கே ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி.

அவரை முழுக்கக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிரஹப்பிரவேசத்துக்கு வந்த யாரும் இன்றுவரை, “அடடா, என்ன வடிகால்!” என்று மெச்சியதில்லை. மார்பிளைத்தான் குனிந்து தடவிப் பார்க்கிறார்கள். ஊரே பார்க்காத ஒன்றுக்கு அவர் மட்டும் எப்படிப் பணம் ஒதுக்குவார்?

இப்போது சுவருக்கு லேசாகத் தொப்பை போட்டிருக்கிறது. “கட்டும்போதே அப்படித்தான்” என்கிறார். மேஸ்திரி இந்தப் பக்கம் வருவதில்லை. கீழ்வீட்டுக்காரர் மகன் வீட்டோடு கோவைக்குப் போய்விட்டார். வீடு வாடகைக்கு வந்திருக்கிறது. இரண்டு பெட்ரூம், தண்ணீர் வசதி உண்டு, வாடகையும் குறைவு. அட்வான்ஸ் கொடுக்கும் முன், தயவுசெய்து பின்பக்கம் போய் நிமிர்ந்து பாருங்கள். மழை பெய்த மறுநாள் போனால் நல்லது. துளைகளில் தண்ணீர் வடிந்தால் பேரம் பேசலாம். துளையே தென்படவில்லை என்றால் வேறு வீடு பாருங்கள்.