அமிலப் பண்டிதர்

ஊருக்கு ஒரு நாடி பார்க்கும் வைத்தியரும் தெருவுக்கு ஒரு ஜாதகம் கணிக்கும் ஜோசியரும் இருந்த காலம் மலையேறிவிட்டதே என்று விசனப்படுகிறவர்கள், திண்டுக்கல் பஸ் நிலையத்தை அடுத்த ஏதேனுமொரு டீக்கடையில் மாலை ஆறு மணிக்குமேல் கால்மணி நேரம் அமர்ந்திருப்பார்களானால், அவ்விரு வித்தைகளையும் ஒருங்கே கற்றுத் தேர்ந்த புதிய மகானுபாவர் ஒருவரைத் தரிசிக்கும் பாக்கியத்தைப் பெறுவார்கள். அவருக்கு நான் இட்டிருக்கும் பெயர் அமிலப் பண்டிதர். கல்லூரி மாணவியாகவும், பூட்டுக்கடை முதலாளியின் இளைய குமாரனாகவும், பஞ்சாலையில் கணக்கெழுதும் நடுவயதுக்காரராகவும் அவர் பற்பல அவதாரங்கள் எடுத்திருக்கிறார். எனக்கு வாய்த்தது மூன்றாவது அவதாரம். அதுவும் என் மனைவியின் தம்பி என்ற முறையில் வாய்த்தபடியால் தப்ப மார்க்கமில்லை.

ஒருவரைச் சந்தித்தால் உலகத்தார் கண்ணைப் பார்ப்பார்கள். சிலர், ஏதாவது வாங்கி வந்திருக்கிறாரா என்று கையைப் பார்ப்பார்கள். பண்டிதர் மூக்கைப் பார்ப்பார். க்ஷேமலாபங்களை விசாரிப்பதற்கு முன்பே, "மாமா, உங்களுக்கு டி ஸோன்ல எண்ணெய் வடியுதே, கவனிக்கிறதில்லையா?" என்று கேட்டு, நெற்றியும் மூக்கும் சேர்ந்து ஆங்கில 'டி' எழுத்தாக அமைந்திருக்கும் ரகசியத்தை, ஐம்பத்தெட்டு வருஷமாக அந்த எழுத்தைச் சுமந்து திரிகிற எனக்கே உபதேசிப்பார்.

அவருடைய சித்தாந்தம் சுருக்கமானது. மேல்தோலில் செத்துப்போன உயிரணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விழ மறுக்கின்றன. பீர்க்கங்காய் நாரைக் கொண்டு தேய்த்து அவற்றைப் பெயர்ப்பது முரட்டு முறை. ஒட்டியிருக்கும் பசையை அமிலத்தால் நெகிழ்த்துவது நாகரிக முறை. இதுவரை நானும் ஆட்சேபிக்கவில்லை. பிறகுதான் கோத்திர விசாரணை ஆரம்பமாகும். எண்ணெய்ப் பசையும் பருவும் உள்ள முகத்துக்கு சாலிசிலிக். அது எண்ணெயில் கரையக்கூடியது, ஆகவே ரோமத்துவாரத்துக்குள்ளேயே இறங்கிவிடும். வறண்ட மேனிக்குத் தயிரின் வம்சத்தில் வந்த லாக்டிக். வெயிலில் கறுத்துத் தடித்த தோலுக்குக் கரும்பின் உறவான கிளைகாலிக். அந்தக் கூட்டத்திலேயே மூலக்கூறு மிகச் சிறியதாகையால் விரைந்து ஊடுருவும், விரைந்து எரிக்கவும் செய்யும். தொட்டாற்சிணுங்கிச் சருமத்துக்குக் கசப்பு வாதுமையின் வழித்தோன்றலான மாண்டெலிக். மூலக்கூறு பெரிது, நடை மெதுவு. 1974-இல் வான் ஸ்காட், யூ என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், மீன் செதிலைப்போல் தோல் உதிரும் வியாதிக்கு இவ்வகைப் பழ அமிலங்கள் பயன்படுவதை எடுத்துக் காட்டினார்கள் என்பதையும் அவர் சொல்வார். சொல்லும் தோரணையில், அப்போது மூன்றாவது நாற்காலியில் தாமே உட்கார்ந்திருந்தது போன்ற ஒரு சாயை தென்படும்.

"திண்டுக்கல் பூட்டுக்கு அதனதன் சாவிதான் மாமா பொருந்தும். தோலும் அப்படித்தான்" என்பது அவருடைய மகாவாக்கியம். 2019-இல் எங்கள் ஊர்ப் பூட்டுக்குப் புவிசார் குறியீடு அளித்த அதிகாரிகள், அது இப்படியும் பிரயோஜனப்படும் என்று நினைத்திருக்கமாட்டார்கள். "திறக்கிறவனுக்குப் பூட்டவும் தெரியணும்டா" என்று அடுப்பங்கரையிலிருந்து என் மனைவி சொன்னதை அன்று யாரும் காதில் வாங்கவில்லை.

பண்டிதரை மடக்கியவர்கள் எனக்குத் தெரிந்து இருவர். ஒருவர் அவருடைய அப்பத்தா. புளித்த தயிரில் பயத்தமாவைக் குழைத்து முகத்தில் பூசி வளர்ந்த கிழவியிடம், "நீங்க அந்தக் காலத்துலேயே லாக்டிக் ஆசிட் போட்டிருக்கீங்க அப்பத்தா!" என்று அவர் பரவசப்பட, "போடா, அது தயிரு" என்று அவள் முடித்துவிட்டாள். இதனால் பாட்டிமார் கைவைத்தியமெல்லாம் அமிர்தம் என்று நான் சொல்ல வரவில்லை. சிறுமலையிலிருந்து இறங்கும் எலுமிச்சம்பழத்தை அறுத்து முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் நடக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அந்தச் சாற்றின் உக்கிரத்துக்கு முன்னால் கடைப் புட்டியின் அமிலம் பரம சாது. எலுமிச்சை ஊறுகாய்க்கு உகந்தது, முகத்துக்கு ஆகாது.

மற்றவர், தோல் பதனிடும் ஷாப்பில் நாற்பது வருஷம் மேஸ்திரியாயிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். இந்த ஊரில் அமிலமும் தோலும் சந்திப்பது இன்று நேற்றைய சங்கதி அல்ல. ஆட்டுத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கிய பின், உப்பும் கந்தக அமிலமும் கலந்த நீரில் மறுபடி ஊறவைப்பார்கள். அத்தொழிலில் அதற்குப் பெயரே 'பிக்கிள்', அதாவது ஊறுகாய். பண்டிதரின் பிரசங்கம் முழுவதையும் பொறுமையாகக் கேட்ட மேஸ்திரி, டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "ஏப்பா தம்பி, நாங்களும் தோலை ஆசிட்டுலதான் போடுவோம். ஆனா ஆடு செத்ததுக்கு அப்புறந்தான் போடுவோம்" என்றார்.

கடையில் எழுந்த சிரிப்பு பண்டிதரின் ரோஷத்தைக் கிளப்பிவிட்டது. சாவி ஒன்று போதும் என்று ஊருக்குச் சொன்ன மனிதர், தமக்கு மட்டும் சாவிக்கொத்தே வேண்டுமென்று தீர்மானித்து, முதல் இரவு கிளைகாலிக், மறு இரவு சாலிசிலிக், மூன்றாம் இரவு இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக என்று பூசிக்கொண்டு, நான்காம் நாள் கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழாவில், நண்பகல் வெயிலில், குடையில்லாமல் நின்றார். மறுவாரம் அவருடைய கன்னத்திலிருந்து தோல் உதிர்ந்த வைபவத்தை நான் வர்ணிப்பதைவிட, வெங்காயப் பேட்டையில் காற்றடிக்கும்போது சருகு பறப்பதை வாசகர்கள் நேரில் போய்ப் பார்த்துக்கொள்வது நலம்.

தோல் மருத்துவர் கோபிக்கவில்லை. எல்லாப் புட்டிகளையும் நிறுத்தச் சொன்னார். மேல்தோல் யாருடைய உதவியுமின்றி ஏறக்குறைய ஒரு மாதத்தில் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் என்றும், வேண்டுமானால் ஒரே அமிலத்தை, குறைந்த சதவிகிதத்தில், வாரத்துக்கு ஒன்றிரண்டு இரவு பூசினாலே போதும் என்றும், நம்முடைய மாநிறத் தோலில் எரிச்சல் கண்ட இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும் என்றும் நிதானமாக எடுத்துரைத்தார். கடைசியாக, "காலையில சன்ஸ்கிரீன் போடுறதுண்டா?" என்று கேட்டார். அமிலம் பட்ட தோல் வெயிலுக்கு எளிதில் இரையாகும் என்பது பாடத்தின் முதல் வரி. வம்சாவளி முழுவதும் மனப்பாடமாயிருந்த பண்டிதர், அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டிருந்தார். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை; என்னைப் பார்த்தாள்.

இப்போது பண்டிதர் கறுப்புக் குடையோடு நடமாடுகிறார். புட்டிகளெல்லாம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில், புளித்த தயிருக்குப் பக்கத்தில் இருக்கின்றன. விருப்பமுள்ளவர்கள் தத்தம் மூக்கின் பொறுப்பில் வந்து எடுத்துப்போகலாம். தயிரைத் தொடவேண்டாம், அது நாளைய மோர்க்குழம்புக்கு.