பொறுப்பு உங்கள் தலையில்

முடி நடப்போன ஒருவன் பிணமாகத் திரும்பும் ஒவ்வொரு முறையும் அதிகாரிகள் வாயிலிருந்து ஒரு முத்து உதிரும். நம்பகமான நிலையமா என்று பார்த்துத் தெரிவு செய்யுங்கள். செத்தவன் காதில் இது விழாது. மிச்சம் இருப்பவர்களுக்குத்தான் புத்திமதி. பார்ப்பதற்கென்று சம்பளம் வாங்குகிறவர்கள் பார்க்கவில்லை. ஆகவே நீ பார்த்துக்கொள்.

2016 மே மாதம் சென்னையில் நடந்ததைக் கேளுங்கள். நுங்கம்பாக்கத்தில் ஒரு முடி நடுகை நிலையம். நவீன இயந்திரம், பளபளக்கும் பெயர்ப்பலகை. தலையைக் கொடுக்க வந்தவன் சென்னை மருத்துவக் கல்லூரி இறுதியாண்டு மாணவன். வயது 22. ஊசி என்ன செய்யும், விறைப்பு மருந்து எங்கே போகும் என்றெல்லாம் பரீட்சை எழுதியவன். சிகிச்சையின் பின் உடல் குலைந்தது. வேலூர் சி.எம்.சி.யில் உயிர் போனது. அதற்குப் பிறகுதான் அந்த நிலையத்தின் உரிமத்தை எடுத்துப் படித்தார்கள். சலூன் நடத்த அனுமதி என்று இருந்தது. முடி வெட்டக் கொடுத்த அனுமதியில் மண்டையை வெட்டியிருக்கிறார்கள். ஜூனில் சீல் வைத்தார்கள். என்ன வேகம்!

சலூனுக்கும் வைத்திய நிலையத்துக்கும் உள்ள, டொக்டராகப் போகிறவனுக்கே பிடிபடாத வித்தியாசத்தை நம் புத்தளக் கரை எத்தாளையில் வள்ளம் தள்ளுகிறவன் கண்டுபிடிக்க வேண்டுமாம். மயிரைக் கட்டி மலையை இழு, வந்தால் மலை, போனால் மயிர் என்றார்கள் பெரியவர்கள். இந்த வியாபாரத்தில் கணக்குத் தலைகீழ். வந்தால் மயிர். போனால் ஆள்.

2022 செப்டெம்பரில் இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் விழித்துக்கொண்டு ஒரு வழிகாட்டல் வெளியிட்டது. பட்டறையில் எட்டி நின்று பார்த்ததும் யூடியூபில் பார்த்ததும் முடி நடுகைக்குப் போதிய பயிற்சி ஆகாது என்று அதில் இருக்கிறது. சிரிக்காதீர்கள். ஒரு நாட்டின் மருத்துவ ஆணையம் இப்படி எழுத நேர்ந்ததென்றால், யூடியூபைப் பார்த்துவிட்டுக் கத்தி எடுத்தவர்கள் இருந்திருக்கிறார்கள். அந்தக் காகிதத்தின் மை காய்ந்து இரண்டரை ஆண்டு கழித்து, 2025 மார்ச்சில், கான்பூரில் ஒரு பொறியியலாளர் செத்தார். அவர் தலையில் கை வைத்தது ஒரு பல் வைத்தியர் என்பது குற்றச்சாட்டு. மனைவி அலைந்து, முதலமைச்சரின் முறைப்பாட்டுத் தளம் வரை போன பிறகு, மே மாதம்தான் வழக்குப் பதிந்தார்கள். பல்லும் தலையில்தானே இருக்கிறது, அதனால் அவசரமில்லை என்று நினைத்திருப்பார்கள்.

அது இந்தியா, நமக்கென்ன என்கிறீர்களா? இலங்கையில் நமக்கும் சட்டம் உண்டு. 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டம். அதன் கீழ் ஓர் ஒழுங்குபடுத்தல் பேரவை. நிலையம் பதிய வேண்டும், பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கத்தி எடுப்பவரின் பெயர் இலங்கை மருத்துவ சபையின் ஏட்டில் இருக்க வேண்டும். காகிதத்தில் ஒரு குறையும் இல்லை.

இப்போது புத்தளத்தில் ஒரு கொத்துரொட்டிக் கடை போட்டுப் பாருங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார். சமையற்காரனின் நகத்தைப் பார்ப்பார், குளிர்சாதனப் பெட்டியை மோந்து பார்ப்பார். தண்ணீர்ப் போத்தலைக் குறித்த விலைக்கு மேல் பத்து ரூபாய் கூட்டி விற்றுப் பாருங்கள். நுகர்வோர் அதிகார சபை பாயும். கட்டுப்பாட்டு விலையை மீறிய தனிமனிதனுக்குக் குறைந்தபட்சத் தண்டமே ஒரு இலட்சம். வேண்டும், நன்றாக வேண்டும். ஆனால் மனிதன் மண்டையில் இரண்டாயிரம் ஓட்டை போடுவேன் என்று முகநூலில் விளம்பரம் போடுகிறவனின் நகத்தை யார் பார்ப்பது? நீங்கள்தான். கைபேசித் திரையில்.

இந்தப் புத்தளக் கரையில் தலை வழுக்கையானால் காரணத்துக்குப் பஞ்சமில்லை. கிணற்று உவர்நீர் என்போம். நுரைச்சோலை அனல்மின் நிலையச் சாம்பல் என்போம். கட்டாரில் குளித்த தண்ணீர் என்போம். அப்பனின் தலையை மட்டும் பார்க்க மாட்டோம். ஆண் வழுக்கையில் பெரும்பங்கு பரம்பரை. அதைச் சொன்னால் யாரும் கட்டணம் வாங்க முடியாது. கல்யாணப் பேச்சில் பெண் வீட்டார் முதலில் பார்ப்பதும் நெற்றியைத்தான். வெளிநாட்டில் நான்கு வருடம் வெயிலில் காய்ந்தவன், சேர்த்த காசோடு கொழும்புக்கு பஸ் ஏறுகிறான். அவனை நான் கேலி செய்யவில்லை. அவனுக்காகக் காத்திருக்கிற கடையைச் சொல்கிறேன்.

அந்தக் கடையில் விலை மயிர்க்கணக்கில். பின்மண்டையிலிருந்து ஒரு மில்லிமீற்றர் அளவான ஊசிக்குழலால் வேரோடு தோண்டி, முன்னால் துளையிட்டு நடுவார்கள். மணிக்கணக்கான வேலை. முழு நேரமும் தலை விறைத்திருக்க லிக்னோகெயின் ஏற்ற வேண்டும். அதற்கு உடல் எடைப்படி உச்சவரம்பு உண்டு. தாண்டினால் வலிப்பு வரும், இதயம் நிற்கும். தோண்டிய இடத்தில் மறுபடி முளைக்காது. பின்மண்டை ஒன்றும் அள்ள அள்ளக் குறையாத சுரங்கமில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்தே ஐயாயிரம் நடலாம் என்று பதில் வரும். எண்ணியது உங்கள் முடியை அல்ல, பணப்பையை. மும்பையில் 2019 மார்ச்சில் ஒரே அமர்வில் ஒன்பதாயிரத்துக்கு மேல் நட்டுக்கொண்ட 43 வயது வர்த்தகர், இரண்டு நாளில் இறந்தார். ஒவ்வாமை என்று சந்தேகித்தார்கள்.

சரி, கேட்டுப் பார்ப்போம். வெட்டப்போவது யார்? அவருடைய மருத்துவ சபைப் பதிவிலக்கம் என்ன? அவர் கடைசி வரை நிற்பாரா, கோடு கீறிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாரா? ஒட்சிசன் எங்கே, அட்ரினலின் எங்கே? மீன்வாடியில் பாரையின் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் காசை எடுக்காத நம் ஆள், வரவேற்பறையின் குளிரில் இவற்றைக் கேட்கக் கூச்சப்படுகிறான். கேட்டுவிட்டால் அங்கிருக்கும் பிள்ளை சிரித்துக்கொண்டே சொல்லும்: “பயப்படாதீங்க சேர். இன்றைக்கே புக் பண்ணினா இருபது வீதம் கழிவு.” சுவரில் முன்-பின் படங்கள். முன் படத்தில் உச்சியில் மின்விளக்கு, பின் படத்தில் அந்த விளக்கு அணைந்திருக்கும்.

என்னைக் கேட்டால் ஒரு சோதனை போதும். உமக்கு இது சரிவராது, வீட்டுக்குப் போம் என்று சொல்லத் தெரிந்த ஆளா என்று பாருங்கள். அரச வைத்தியசாலைத் தோல் கிளினிக்கில் அப்படிச் சொல்வார்கள், இலவசமாக. அதற்கு விடிகாலையில் போய் வரிசையில் நிற்க வேண்டும். தவணைக் கட்டணக் கடையில் வரிசையே இல்லை.

நம்பகமான வைத்தியசாலையைத் தெரிவு செய்யும் கலையில் நம் தலைவர்கள் மட்டும் தவறியதில்லை. 2024 டிசம்பரில் சுகாதார அமைச்சர் நளிந்த ஜயதிஸ்ஸ பாராளுமன்றத்தில் ஒரு பட்டியலை வாசித்தார். ஜனாதிபதி நிதியத்திலிருந்து மருத்துவச் செலவுக்குப் பணம் பெற்ற அரசியல்வாதிகளின் பட்டியல். முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்லவின் பெயரும் அதில் இருந்தது. 110 இலட்சம் ரூபாய். அரச வைத்தியசாலைகளுக்குத் தரமற்ற இம்யூனோகுளோபியூலின் வாங்கிய விவகாரத்தில் அதே ஆண்டு பெப்ரவரியில் கைதானவரும் அவர்தான். ஊருக்கு வாங்கிய மருந்து ஒன்று, தன் உடம்புக்குப் பார்த்த வைத்தியம் ஒன்று. பார்த்துத் தெரிவு செய்வது என்றால் என்னவென்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டணம் ஏற்கெனவே நாம் கட்டியாகிவிட்டது.