பல்லி சொன்ன பலன்

கேள்வி: என் மாமனாருக்குப் பார்க்கின்சன். சர்க்கரை ஊசி போட்டால் நடுக்கம் நிற்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, உண்மையா? (வாசகி, காரைக்குடி)

பதில்: வாட்ஸ்அப் வைத்தியர் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறார். சர்க்கரைக்காரர்களுக்குப் பார்க்கின்சன் வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பது பல ஆய்வுகளில் தெரிந்த சங்கதி. மூளையிலும் இன்சுலினுக்கு வேலை உண்டு. உடல் அசைவுக்குத் தேவையான டோபமினைச் சுரக்கும் செல்கள் அதன் பேச்சைக் கேட்காமல் போனால் சீக்கிரம் நொடித்துவிடும் என்று சந்தேகிக்கிறார்கள்.

ஆனால், பரிசோதித்த ஊசி இன்சுலின் அல்ல, எக்ஸெனடைட். மூலக்கதை சுவையானது. கிலா மான்ஸ்டர் என்ற அமெரிக்கப் பாலைவன விஷப்பல்லியின் எச்சிலில் ஜான் எங் என்ற ஆய்வாளர் கண்டெடுத்த பொருள்தான், 2005-இல் அங்கே சர்க்கரை மருந்தாக அனுமதி பெற்றது. 2017-இல் லண்டனில் சுமார் 60 பார்க்கின்சன் நோயாளிகளிடம் 48 வாரம் சோதித்தபோது, மருந்து எடுத்தவர்களின் உடல் அசைவு கொஞ்சம் தேறியது. பல்லி சொன்னால் பலிக்கும் என்று உலகமே காதைத் தீட்டிக்கொண்டது. பிறகு 194 பேரிடம் 96 வாரம் சோதித்துப் பார்த்தார்கள். 2025-இல் முடிவு வந்தது: பலன் பூஜ்யம்! நடுவில், 2024-இல், இதன் பங்காளியான லிக்சிசெனடைட் பிரான்சில் 156 பேரிடம் ஓராண்டு நடந்த சோதனையில் சுமாரான பலன் காட்டியது. மருந்து எடுத்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குக் குமட்டல் இலவச இணைப்பு.

மாமனாருக்கு டாக்டர் எழுதிய மாத்திரையை நேரம் தவறாமல் கொடுங்கள். சர்க்கரை இல்லாதவருக்கு இன்சுலின் ஊசி போட்டால் லோ-சுகர் ஆகி, நடுங்காத கையும் நடுங்கும், போட்டவர் கையும் சேர்த்து!