பென்சில் மாமா

கொலைகாரன் பெயரைப் பதினான்காம் பக்கத்திலேயே பென்சிலால் வட்டம் போட்டு வைக்கிற மாமா உங்கள் ஊர் லைப்ரரியிலும் ஒருவர் இருப்பார். எங்களவர் ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் மிச்சமிருக்கிற லெண்டிங் லைப்ரரியின் மூத்த சந்தாதாரர். அங்கே நீங்கள் எடுக்கிற எந்தத் துப்பறியும் நாவலையும் அவர் ஏற்கெனவே படித்திருப்பார். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா, அட்டை உரிந்த தமிழ்வாணன், வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு செய்த சுஜாதா தொடர்கள், எதையும் விட்டுவைத்ததில்லை.

வட்டத்துக்குப் பக்கத்தில் ஓரத்தில் காரணமும் இருக்கும். ‘முழி சரியில்லை.’ எழுத்தில் வருகிற ஆளுக்கு ஏது முழி? ஓவியர் ஜெயராஜ் வரைந்த படத்தைப் பார்த்துச் சொன்னாராம். ‘அனாவசியமாகக் காபி கொடுக்கிறாள்.’ ‘அழுகை போதவில்லை.’

கடைசியில் இருக்கும் வெற்றுப் பக்கம் மதிப்புரைக்கு. கதை எப்படி, நடை எப்படி என்பதெல்லாம் அதில் வராது. ‘டிரைவர் என்று 14-ம் பக்கத்திலேயே சொல்லிவிட்டேன். ஆசிரியர் இன்னும் முயற்சி செய்ய வேண்டும்.’ இவ்வளவுதான். புத்தகத்தைப் பின்னாலிருந்து புரட்டிப் பார்க்கிற கெட்ட பழக்கம் உள்ளவர்களுக்கு அன்றைய பொழுது அத்தோடு முடிந்தது.

யாராவது கேட்டால் நாக்ஸைக் கூப்பிடுவார். ரொனால்டு நாக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1929-ல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதினார். குற்றவாளி கதையின் ஆரம்பப் பகுதியிலேயே தலைகாட்டியிருக்க வேண்டும் என்பது முதல் விதி. பாதிரியார் அதை எழுதுகிறவர்களுக்குச் சொன்னார். மாமாவோ, படிக்கிறவன் ஆரம்பத்திலேயே ஆளைப் பிடித்துவிட வேண்டும் என்று எடுத்துக்கொண்டார். திருவெறும்பூர் பெல்லில் பாய்லர் குழாய்களின் வெல்டிங்கை எக்ஸ்ரேயில் பார்த்து விரிசல் கண்டுபிடிக்கிற உத்தியோகம் பார்த்தவர். ரிடையர் ஆன கையோடு நாவல்களுக்குள் இறங்கிவிட்டார்.

இத்தனை சரியாக ஒருவரால் எப்படிச் சொல்ல முடியும் என்று நானும் பல காலம் மலைத்திருக்கிறேன். ஒருநாள் ஜன்னலோரம் உட்கார்ந்து படிக்கையில்தான் விஷயம் புரிந்தது. வட்டம் போட்ட இடத்துக்கு மேலும் கீழும் காகிதம் மெலிந்து வெளுத்திருந்தது. பக்கத்தை வெயிலில் சாய்த்துப் பிடித்தேன். முதலில் சமையல்காரர், பிறகு வக்கீல், அப்புறம் கதாநாயகியின் சித்தப்பா என்று மூன்று பேரைக் கைது செய்து, மூன்று பேரையும் ரப்பரால் விடுதலை செய்திருக்கிறார். நாவலை முடித்த பிறகு திரும்பி வந்து, உண்மைக் கொலைகாரனுக்குப் பதினான்காம் பக்கத்தில் வட்டம் போட்டிருக்கிறார்! வேறு பத்துப் புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன். பத்திலும் ரப்பர்.

தேவனின் துப்பறியும் சாம்புவாவது பாங்கிக் குமாஸ்தாவாக இருந்துகொண்டு, தனக்கே தெரியாமல் குருட்டு அதிர்ஷ்டத்தில் திருடனைப் பிடிப்பார். இவருக்கு அந்த அதிர்ஷ்டமும் கிடையாது.

கச்சேரியில்தான் மாட்டிக்கொள்வார், அங்கே ரப்பர் செல்லாதே. 1914-லிருந்து இருக்கிற திருச்சி ரசிக ரஞ்சன சபாவில் நல்ல கச்சேரி என்றால் எனக்கும் சேர்த்து இடம் போட்டு வைப்பார். அந்த அன்புக்குக் குறைவில்லை. பாடகர் ஆலாபனையில் வாயைத் திறந்து நாலு பிடி பிடிப்பதற்குள் மாமா பக்கத்து மூன்று வரிசைக்கும் கேட்கிற ரகசியக் குரலில் தீர்ப்பு சொல்லிவிடுவார். “தர்பார்!”

தர்பார் ராகமும் நாயகி ராகமும் பெரிய பெரிய வித்வான்களே ஜாக்கிரதையாக நடக்கிற இடம். ஸ்வரங்கள் ஏறக்குறைய ஒன்று, பிடிகளிலும் நடையிலும்தான் வேறாகும். கொஞ்சம் பொறுத்தால் பாடகரே காட்டிக்கொடுத்துவிடுவார். பொறுத்தால் அவர் மாமா இல்லை. பாட்டு நாயகியில் ஆரம்பித்ததும் முன்வரிசை அம்மாள் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

“தர்பார்லதான் ஆரம்பிச்சார். நடுவுல மாத்திட்டார், கவனிச்சேளோ?” என்றார் மாமா.

சுஜாதா விஷயத்தில் மட்டும் அவருக்கு ஒரு சொந்தம் உண்டு. ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்த ரங்கராஜன் என்கிற சுஜாதாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் என்று சொல்லிக்கொள்பவர்களை எல்லாம் கூட்டினால், அந்தப் பாட்டிக்கு ஏழு பிராகாரத்திலும் வீடு இருந்திருக்க வேண்டும். ‘நைலான் கயிறு’ வந்தபோது வக்கீல் கணேஷ் தனி ஆள், ஜூனியர் வசந்த் பிற்பாடு வந்து சேர்ந்தவன் என்றெல்லாம் மாமா பிசகாமல் சொல்வார். ஆனால் ‘கொலையுதிர் காலம்’ என்றால் முகம் சுருங்கிவிடும். ஆவியா விஞ்ஞானமா என்று வசந்தும் கணேஷும் கடைசிவரை இழுத்துக்கொண்டிருந்தால் யாருக்கு வட்டம் போடுவது? லைப்ரரிப் பிரதியில் அந்த ஒரு நாவலின் பதினான்காம் பக்கம்தான் சுத்தமாக இருக்கிறது.

இன்னொன்றிலும் வாயைத் திறக்க மாட்டார். லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. 1944-ல் சென்னையில் மஞ்சள் பத்திரிகைக்காரர் ஒருவர் குத்துப்பட்டு இறக்க, அதில் பாடகரும் நடிகருமான தியாகராஜ பாகவதரும் நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனும் ஆயுள் தண்டனை பெற்று, பிரிவி கவுன்சில்வரை போய், 1947-ல் விடுதலையானார்கள். கொலையும் கச்சேரியும் ஒன்றாகச் சேர்ந்த கேஸ், மாமாவுக்கென்றே அமைந்தது. யார் செய்திருப்பார்கள் என்று கேட்டேன்.

“அதெல்லாம் எதுக்குப்பா இப்போ? பாகவதர் நம்ம திருச்சியில வளர்ந்தவர்” என்றார். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு பாகவதர் குரலைப் பற்றி மட்டும் பேசினார். அன்றைக்கு மாமாவை எனக்குப் பிடித்திருந்தது.

அதற்காக மற்ற நாளெல்லாம் பொறுத்துக்கொள்ள முடியுமா? நானும் சந்தா கட்டுகிறேன். ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் யார் யார் என்று தவிப்பதற்குத்தான் கட்டுகிறேன். அந்தத் தவிப்பை எனக்கு முன்னால் ஒருவர் தின்றுவிட்டு, தின்றேன் என்று எழுதியும் வைப்பது அக்கிரமம். லைப்ரரிக்காரரிடம் சொன்னால், “பெரியவர் சார், விட்டுடுங்க” என்கிறார். மாமாவிடம் நேரிலேயே சொன்னேன், ரப்பரைப் பற்றியும். மறுக்கவில்லை. “அப்படியா சொல்றே?” என்று மட்டும் கேட்டார்.

பலன் இந்த வாரம் தெரிந்தது. எடுத்து வந்த நாவலில் ஆறாம் பக்கத்திலேயே வட்டம், நீல நிற பால்பாயிண்டில். மூன்றாம் அத்தியாயத்தில் அந்த ஆளையே யாரோ கொன்று கிணற்றில் போட்டிருந்தார்கள். ஓரத்தில் அதே நீல மையில் எழுதியிருந்தார்: ‘நடிக்கிறான்.’