ஆடு படிச்ச படிப்பு

வா மாப்ள, குந்து. திண்டிவனத்துல மனை வாங்கி வூடு கட்டிட்ட. லேப்ரடார் ஒண்ணு புடிச்சாந்துட்ட. கையோட பாண்டிப் பக்கம் நர்சரிக்குப் போயி ஒரு வண்டி செடியும் எறக்கிட்ட. நாயையும் வாங்கி, அதுக்கு வெசத்தையும் முன்கூட்டியே வாங்கி வெச்ச ஆள இப்பத்தான் பாக்குறேன். படிச்சவன் இல்ல, திட்டம் போட்டுத்தான் செய்வ.

விழுப்புரம் போற பைபாஸ்ல, ரோட்டு நடுவுல அரளி பூத்து நிக்கிதே, ஏன் வெச்சானுங்க? தண்ணி ஊத்தலன்னாலும் தாங்கும், ஆடு மாடு வாய் வைக்காது. எங்கூட்டு வெள்ளாடு கட்சி போஸ்டரக்கூட பசையோட திங்கும். அரளியாண்ட போனா மூஞ்சத் திருப்பிக்கும். அரளி வெசம் நேரா நெஞ்சுத் துடிப்பத்தான் புடிக்கும்னு அதுக்கு எவனும் பாடம் நடத்தல. ஆனா வெட்டிப் போட்ட கெளை காஞ்சா கசப்பு கொறையும், வெசம் கொறையாது. அங்கதான் கால்நடை ஏமாறும். கேரளாவுல பத்தனம்திட்டா பக்கம் 2024-ல ஒரு பசுவும் கன்னும் அரளி எலை தின்னு செத்துதுங்க. அந்த மே மாசமே திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, நைவேத்தியத்துலயும் பிரசாதத்துலயும் அரளி கூடாதுன்னுட்டாங்க. சாமி தட்டுல ஆவாதுன்னத, நீ நாய் தட்டுக்குப் பக்கத்துல நட்டிருக்க!

வாசல்ல ஈச்சங்கன்னாட்டம் நிக்கிதே சைகஸு, அதுல எந்தப் பாகமும் ஆவாது. கொட்டை ரொம்ப மோசம். ஒண்ணு ரெண்ட நாய் மென்னாலே ஈரல் கெட்டுப் போவும். ஹால்ல பட்டை எலையில புள்ளி புள்ளியா டிஃபென்பாக்கியா. அது நம்ம சேப்பங்கெழங்கு சாதிதான். பச்சையா கடிச்சா வாயெல்லாம் ஊசி ஏறும், நாக்கு வீங்கும், எச்சி ஒழுவும். மணி பிளான்ட்டும் அந்தக் கூட்டந்தான். பணம் வரும்னு வெச்ச, வரும், ஆஸ்பத்திரிக்காரருக்கு.

உம் பொண்ணு பூனை வளக்குதாமே? பொண்ணு பொறந்த நாளுக்கு லில்லிப் பூங்கொத்து வேற. மகரந்தம் முடியில ஒட்டி, பூனை அத நக்கினாலே கிட்னி போயிடும்.

அழகா இருந்துதேங்கிற. அழகுன்னா செங்காந்தளுக்கு மேலயா? தமிழ்நாட்டுக்கே மாநிலப் பூ. அதோட கெழங்கு, கண்வலிக் கெழங்கத் தின்ன மாடு எழுந்து நிக்காது.

நாயோ பூனையோ ஏதாவது தின்னு தொலைச்சிட்டா, உப்புத் தண்ணி கரைச்சு ஊத்துறேன்னு எங்க காலத்து வைத்தியத்த எடுத்துக்காத. அதுவே ஆள முடிச்சிடும். தின்ன செடியில ஒரு கெளையக் கிள்ளிக்கிட்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடு. விடியட்டும்னு குந்திராத.

நாளைக்கே அந்தத் தொட்டிங்கள ஏத்திக்கிட்டுப் போயி, செம்பருத்தியும் மல்லியும் மாத்திக்கினு வா. நாய் தின்னா பூதான் போவும். நர்சரிக்காரரு ஏன் திருப்புறன்னு கேட்டா, எம் பேர மட்டும் இழுத்துடாத. அவரு எனக்குச் சம்பந்தி முறை.