மேடு ஏறுமா?

கண்டியில் பைக் வாங்கப் போகிறவன் முதலில் விலை கேட்க மாட்டான். வருஷமும் கேட்க மாட்டான். "மேடு ஏறுமா?" என்பான். ஏறும் என்று தெரிந்த பிறகுதான் மற்றக் கதையெல்லாம். யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற சொந்தக்காரர்களுக்கு இந்தக் கேள்வி விளங்குவதில்லை. அங்கே தட்டை நிலம். பைக் நின்றுவிட்டால் கதைத்துக்கொண்டே உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். கண்டியோ கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில், சுற்றிவர மலையும் நடுவிலே வாவியுமாகக் கிடக்கிறது. கடை, கந்தோர், பள்ளிக்கூடம், கோயில், பெற்றோல் செட் எல்லாம் கீழே. நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகிற காணி மட்டும் மேலே. ஆகவே காலை ஏழு மணிக்கு இங்கே எல்லாப் பைக்கும் நல்ல பைக்தான். பின்னேரம் ஐந்தரைக்கு, பின் சீற்றில் மனைவியும் டேங்க் மேல் மரக்கறிப் பையுமாக ஹீரஸ்ஸகல ஏற்றத்தில் இரண்டாம் கியரிலிருந்து முதலாம் கியருக்கு இறங்குகிற நேரத்தில்தான் அதன் குணம் தெரியும். சில வேளை மனைவியின் குணமும் தெரியும். இறங்கி நடப்பது அவர்தானே.

ஒருவர் தன் வீட்டு விலாசத்தைச் சொன்னால் போதும், உலகத்திலேயே சிறந்த பைக் எது என்று அவர் சாதிப்பார் என்பதை நான் சொல்லிவிடுவேன். குண்டசாலை, திகன பக்கத்து ஆட்கள் ஸ்கூட்டரைப் புகழ்வார்கள். "டியோ இருக்கையில வேற என்ன வேணும்?" என்பார்கள். அவர்களுடைய பாதை அப்படி. ஹந்தானையில் வீடு வைத்திருப்பவர் ஸ்கூட்டரைப் பார்த்து மெல்லச் சிரிப்பார். அவருக்கு 200 சீ.சீ.க்குக் குறைந்தது எதுவும் விளையாட்டுச் சாமான். அம்பிட்டியக்காரர் லோ கியரைப் பற்றி மட்டுமே பேசுவார். டொப் கியர் ஒன்று இருப்பதை அவர் கேள்விப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான். எல்லோரும் பொறியியல் பேசுவதாக நினைத்துக்கொண்டு புவியியல் பேசுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் சிலர் கெட்டம்பே பக்கத்துத் தேத்தண்ணிக் கடையொன்றில் கூடுவோம். இந்தக் கூட்டத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. நான் பென்லி. ஹொண்டா சி.டி. 125, இரட்டைச் சிலிண்டர். வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர் சி.டி. 200. சிவப்பு நிற எம்.டி. 90 வைத்திருக்கும் ஆசிரியர் எம்.டி. மாஸ்டர். அது ஜப்பானில் தபால்காரர்களுக்கென்று செய்த பைக். அங்கே கடிதம் கொடுத்துக் களைத்தபின் கப்பலேறி வந்து இங்கே தோட்டத்துக் கல்ரோட்டில் இரண்டாம் பிறவி எடுத்திருக்கிறது. மாஸ்டர் அதில் புசல்லாவைப் பக்கம் போனால் லயத்து வாசலில் நிற்கிற கிழவி யாராவது மகனுடைய ரிஜிஸ்டர் கடிதம் வந்ததா என்று கேட்பதாக அவர் சொல்வார். சிவப்பைக் கண்டால் அப்படித்தான்.

சி.டி. 200 ஒருமுறை ஆஸ்பத்திரியில் படுத்தார். குடல்வால் ஒப்பரேஷன். பார்க்கப் போன எங்களை வாசலில் காவலாளி மறித்து, "நோயாளி பேர் என்னா?" என்று கேட்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வருஷக்கணக்கான பழக்கம், அவருடைய பைக்கின் செசி நம்பரே எங்களில் இருவருக்குப் பாடம், பெயர்தான் தெரியாது. மாஸ்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சி.டி. 200 ஓட்டுறவரு..." என்று இழுத்தார். காவலாளியின் முகம் மலர்ந்தது. "நீலக் கலரா? சைலன்சர் ரெண்டும் ஒரிஜினலா இருக்குமே, அவரா? ரெண்டாம் மாடி, வலப்பக்கம்" என்று வழி காட்டினார். அடுத்த ஞாயிறு அந்தக் காவலாளியும் கெட்டம்பேக்கு வந்துவிட்டார், ஒரு சி.எம். கஸ்டம் பைக்கில்.

எங்கள் கூட்டத்தில் ஒரே ஒரு பெண், சாலி டீச்சர். அவர் மட்டும்தான் பைக்கைப் பற்றி எதுவும் பேசுவதில்லை. அவருடைய பைக் மட்டும்தான் நடுவழியில் நிற்பதும் இல்லை. ஹொண்டா 1972இல் வீட்டுப் பாவனைக்கென்று விட்ட சாலி என்ற அந்தச் சின்ன வண்டியில் கிளச் பிடி கிடையாது, கியர் மூன்றுதான். பழைய சாலியின் லைட் 6 வோல்ட். அக்சிலேட்டரை முறுக்கினால் பாதை தெரியும், விட்டால் மெழுகுதிரி. ஆகவே இருட்டில் ஆபத்தைக் கண்டு வேகத்தைக் குறைத்தால் ஆபத்து மறைந்துவிடும். இதைவிட நிம்மதியான ஏற்பாட்டை நான் எந்தத் தத்துவத்திலும் கண்டதில்லை.

விற்பனை விளம்பரங்களில் வருகிற சாலி ஒவ்வொன்றும் "டீச்சர் ஒருவர் பாவித்தது" தான். இந்த விளம்பரங்களை நம்பினால் இலங்கையில் மாணவர்களைவிட ஆசிரியைகள் அதிகம். இதை டீச்சரிடம் சொன்னேன். "நான் இன்னும் விக்கலையே, சேர்" என்றார்.

பழைய பைக்கைப் பார்க்கப் போவது தனிக்கலை. விற்கிறவர் வாவிக்கரையில் ஒரு ரவுண்ட் போய் வரச் சொல்வார். அது சமதரை, காற்றும் நல்ல காற்று. கட்டிலுக்கு எஞ்சின் பூட்டினாலும் ஓடும். வாங்குகிறவன் கண்டிக்காரனாக இருந்தால் நேரே பைரவகந்தைப் பக்கம் திருப்புவான். மேலே வெள்ளைப் புத்தர் அமைதியாக அமர்ந்திருக்கிற அந்த ஏற்றத்தில்தான் எத்தனையோ வியாபாரங்கள் முறிந்திருக்கின்றன. பாதி மேட்டில் மூச்சு வாங்கி நின்ற பைக்கைப் பார்த்து விற்கிறவர் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "நேத்து ஏறிச்சே!" நுவரெலியாவில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி என்று 1934இல் தொடங்கி, மேடு ஏறுகிறவனுக்குக் கோப்பை கொடுக்கிறார்கள். கண்டியில் அதைத் தினமும் செய்கிறோம், ஒரு டம்ளர்கூடக் கொடுப்பாரில்லை.

என் பென்லியை அக்குறணையில் ஒரு மெக்கானிக் நானாவிடம் கொண்டுபோனேன். மேட்டில் பாதிப் பலம்தான் வருகிறது என்று முறைப்பாடு. அவர் ஸ்டெதஸ்கோப் எதுவும் எடுக்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, குடித்துக்கொண்டிருந்த பிளேன்ட்டியில் விரலை நனைத்து வலது சைலன்சர் குழாய் வளைவில் ஒரு சொட்டுத் தெறித்தார். "ஸ்ஸ்" என்று ஆவியானது. இடது குழாயில் தெறித்தார். சொட்டு அப்படியே வழிந்து கீழே விழுந்தது.

"இடப்பக்கம் நோன்பு புடிக்குது, சேர்" என்றார்.

புளக்கைக் கழற்றி என் கையில் வைத்தார். நுனியெல்லாம் கறுத்த எண்ணெய். றிங் தேய்ந்து எண்ணெய் மேலே ஏறுகிறது, லேத்தில் கொடுத்து போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. எப்போது தருவீர்கள் என்று கேட்டேன். "வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குப் பொறகு வாங்க." எந்த வெள்ளிக்கிழமை என்று சொல்லும் வழக்கம் அந்தத் தொழிலில் கிடையாது.

பிஸ்டன் தேடிக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போனேன். இந்த நாட்டில் வாகனமொன்றின் எந்த உறுப்பு தொலைந்தாலும் அங்கே கிடைக்கும். சில வேளை தொலைந்த அதே உறுப்பே கிடைக்கும் என்று சொல்வார்கள். கடைக்காரர் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். முதலாவது ஜப்பான். இரண்டாவது "ஜப்பான் மாதிரி". மூன்றாவதைப் பற்றிக் கேட்டதற்கு, "ஓடும்" என்றார். ஜப்பான் பெட்டியின் விலையைக் கேட்டபோது எனக்கும் இடப்பக்கம் வேலை செய்யவில்லை. ஆனாலும் அதைத்தான் வாங்கினேன். ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை கெட்டம்பேயில் பதில் சொல்ல வேண்டுமே. எஞ்சினுக்குள்ளே இருக்கிற, எவன் கண்ணிலும் படாத சாமானுக்கும் எங்கள் கூட்டத்தில் மானமரியாதை உண்டு.

நம்பர் பலகை மோகம் இன்னும் பெரியது. பழைய "ஸ்ரீ" நம்பர் பைக் என்றால் கண்கள் விரியும். அந்தச் சிங்கள எழுத்துக்கு எதிராக 1957, 58இல் வடக்கிலும் கிழக்கிலும் போராட்டம் நடந்தது. பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் மேல் தார் விழுந்தது. இன்று அதே எழுத்தோடு துருப்பிடித்த பலகை ஒன்று தலைகாட்டினால் தமிழனும் சிங்களவனும் முஸ்லிமும் தோளோடு தோள் நின்று விலை கேட்கிறார்கள். தேசிய ஒருமைப்பாட்டுக்கு எத்தனையோ குழு போட்டுப் பார்த்தார்கள். ஒரு பழைய பைக்கை நடுவில் நிறுத்திப் பார்த்திருக்கலாம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அதோடு எங்கள் சமூக அந்தஸ்து உயர்ந்தது. புதுப் பைக் வராத நாட்டில் பழைய பைக்குக்கு ராஜமரியாதை. கோழிக்கூட்டுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்த சாலியெல்லாம் லட்சங்களில் விலைபோனது. "இந்த இரும்ப எப்பங்க போடப் போறீங்க?" என்று கேட்டுவந்த என் மனைவி, ஒருநாள் பழைய படுக்கை விரிப்பொன்றைக் கொண்டுவந்து பென்லியின் மேல் போர்த்திவிட்டார். கல்யாண நகைக்குப் பிறகு எங்கள் வீட்டில் அப்படியொரு பாதுகாப்பு எதற்கும் கிடைத்ததில்லை.

பிறகு 2022 வந்தது. பெற்றோல் வரிசை. கியூ.ஆர். அட்டை. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீட்டர். பதிவதற்குச் செசி நம்பர் கேட்டார்கள். நகரத்து ஆண்கள் பாதிப்பேர் அந்த வாரம் பைக்கைப் படுக்கப்போட்டு மண்கடதாசியால் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது சி.டி. 200இடம் திருத்தவென்று வாங்கி எஞ்சினைக் கழற்றிக் கொடுத்திருந்த இன்னொரு பைக் கொட்டிலில் கிடந்தது. சக்கரம் உண்டு, டேங்க் உண்டு, புத்தகம் உண்டு. நடுவில் எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் பூனை படுத்திருந்தது. அதற்கும் ஒரு கியூ.ஆர். எடுத்துவிட்டார். போத்தலில், கானில் பெற்றோல் அடிக்கத் தடை; வாகனம் நேரில் வரவேண்டும். வாகனம் நேரில் வந்தது. ஹந்தானை மேலேயிருந்து பிரேக்கை மட்டும் நம்பி, எஞ்சின் சத்தமேயில்லாமல், சைக்கிள் மணி அடித்துக்கொண்டு கீழே இறங்கினார். பெற்றோல் மிச்சம் பிடிக்க வரிசையில் எல்லோருமே பைக்கை உருட்டிக்கொண்டு நின்றபடியால், எஞ்சின் இல்லாத பைக்கை யாரும் கவனிக்கவில்லை. அவரும் உருட்டினார். மற்றவர்களைவிட அவருக்கு உருட்டுவதும் லேசாக இருந்தது. 4 லீட்டர் அடித்துக்கொண்டு வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தார். ஹந்தானை இருந்த இடத்திலேயே இருந்தது.

கடைசியில் ஒரு லொறிக்காரர் ஏற்றிப்போனார். கூலியாகக் காசு வேண்டாம், 2 லீட்டர் போதும் என்றாராம்.

2025 பெப்ரவரியில் இறக்குமதித் தடை நீங்கியது. புதுப் பைக்குகள் கண்ணாடிக் கடைகளுக்குள் வந்து நின்றன. எம்.டி. மாஸ்டரின் மகன் கம்பஸ் முடித்து வேலை கிடைத்த பையன். "ஒரு பைக் எடுக்கணும், என்ன எடுக்கலாம் அங்கிள்?" என்று அப்பாவியாகக் கெட்டம்பேயில் வந்து கேட்டுவிட்டான். அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு யாரும் வீட்டுக்குப் போகவில்லை. சி.டி. 200 பதினெட்டு வளைவில் இறங்கும்போது டிரம் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போவதைக் கையால் நடித்துக் காட்டி, டிஸ்க் பிரேக்கைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். அவர் பைக்கில் இருப்பது டிரம். நான் நுவரெலியாவின் 1,868 மீற்றரில் காற்று லேசாகி, கார்பரேட்டர் பைக் பெற்றோலைக் கூடுதலாகக் குடித்துக் கறுப்புப் புகை விடுவதை விளக்கி, அங்கே போவதானால் இன்ஜெக்ஷன்தான் உத்தமம் என்றேன். சொல்லும்போதே பென்லியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அதன் காதில் விழவேண்டாமே என்று. ஹொண்டா கப் குடும்பத்தில் 2017 வரை 10 கோடி வண்டிகள் செய்தாயிற்று, அத்தனை பேரும் மடையர்களா என்று மாஸ்டர் எழுந்தே நின்றுவிட்டார். காவலாளி, எதை எடுத்தாலும் சைலன்சர் ஒரிஜினலா என்று பார்க்கச் சொன்னார். புதுப் பைக்கில் அது எப்படி வேறாக இருக்கும் என்று கேட்டதற்கு, "இருந்தாலும் பாக்கணும்" என்றார்.

பையன் எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டான். மறுவாரம் லீசிங்கில் ஒரு டியோ எடுத்துக்கொண்டு வந்தான்.

கூட்டமே துக்கவீடானது. சாலி டீச்சர் மட்டும் அதைச் சுற்றிப் பார்த்து, சீற்றைத் தூக்கி, மரக்கறிப் பை வைக்க இடம் இருப்பதைக் கண்டு, "நல்லாருக்கு மகன்" என்றார்.

சென்ற மாதம் ஒரு மழை நாள். ஹந்தானை ஏற்றத்தின் நடுவில் சி.டி. 200 நின்றுவிட்டது. பொயின்ட்டில் தண்ணி. அவர் கிக்கரை மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்து நின்ற நேரம் பையன் அந்த வழியாக வந்திருக்கிறான். "ஏறி ஒக்காருங்க அங்கிள், நியூட்ரல்ல போடுங்க" என்று சொல்லி, தன் இடது காலை நீட்டி அவர் பைக்கின் பின் புட்ரெஸ்ட்டில் கொடுத்து, டியோவால் மேடு முழுக்கத் தள்ளிக்கொண்டு போனான். நான் பின்னால் குடை பிடித்தபடி நடந்து போய்க்கொண்டிருந்தேன். முதலாவது வளைவு திரும்பும்போது சி.டி. 200 தலையைத் திருப்பி உரக்கச் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது:

"தம்பி, உன் எஞ்சின்ல ஒரு சத்தம் வருது, கவனிச்சியா?"